ஏழு நிமிட வெளிச்சம்: ஓடும் ஒளியை இம்ப்ரெஷனிச ஓவியர் எப்படிப் பிடிக்கிறார்?

1891-இல் பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனே, பிரான்ஸின் எப்த் ஆற்றங்கரை பாப்ளர் மரங்களை வரிசையாக வரைந்துகொண்டிருந்தார். அவற்றில் ஓர் ஓவியத்துக்கான ஒளி ஏழு நிமிடம்தான் நீடித்தது என்று, அவருடைய பக்கத்து வீட்டில் கோடைகளைக் கழித்த அமெரிக்க ஓவியர் லில்லா காபட் பெர்ரி எழுதிவைத்திருக்கிறார். குறிப்பிட்ட ஓர் இலையை விட்டு வெயில் விலகியதும் மோனே அந்தக் கேன்வாஸை இறக்கிவிட்டு அடுத்ததை எடுத்து வைப்பாராம். ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரக் கேன்வாஸை ஏழு நிமிடத்தில் யாராலும் நிரப்ப முடியாது. மறுநாள் அதே நேரத்துக்கு அதே கேன்வாஸோடு வந்து நின்றார். அதற்கு மறுநாளும் வந்தார். இடையில் மரங்கள் வெட்டுவதற்காக ஏலம் போனபோது, மர வியாபாரிக்குப் பணம் கொடுத்து, தான் வரைந்து முடிக்கும்வரை அவற்றை நிற்க விடச் செய்தார்.

இன்று இதே இம்ப்ரெஷனிச பாணியில், அதாவது ஒரு கணத்து ஒளியைப் பிடிக்கும் பாணியில், இயற்கையை வரைகிறவர்களுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் இந்தச் சம்பவத்தில் இருக்கிறது. எந்தக் கணத்தை வரையப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்தக் கணம் போன பிறகும் அதையே வரைய வேண்டும். வெளியிடத்தில் கெட்டுப்போகும் ஓவியங்களில் கை மெதுவாக இருந்ததால் கெட்டவை குறைவு. வெளிச்சம் மாற மாற ஓவியரும் கூடவே மாற்றிக்கொண்டு போவதால்தான் பெரும்பாலானவை கெடுகின்றன. இடப்பக்க மரத்தில் பத்து மணி நிழல், வலப்பக்கச் சுவரில் பதினொன்றரை மணி நிழல், வானம் மட்டும் எந்த நேரத்தையும் சேராதது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சரி. சேர்த்துப் பார்த்தால் அப்படியொரு நேரம் உலகத்தில் இருந்ததே இல்லை.

வெளிச்சத்தின் வேகம்

பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. வானத்தில் சூரியனின் அகலம் ஏறத்தாழ அரைப் பாகை. ஆகவே இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சூரியன் தன் அகலம் அளவுக்கு நகர்ந்துவிடுகிறது. ஆனால் நிழலின் நீளம் இப்படிச் சீராக மாறுவதில்லை. 10 மீட்டர் உயர மரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் 45 பாகை உயரத்தில் இருந்தால் அதன் நிழல் 10 மீட்டர். 40 பாகைக்கு இறங்கினால் ஏறத்தாழ 12 மீட்டர். அதே 5 பாகை இறக்கம் 15-லிருந்து 10-க்கு நடக்கும்போது நிழல் 37 மீட்டரிலிருந்து 57 மீட்டருக்கு நீண்டுவிடுகிறது. சூரியன் நெட்டுக்குத்தாக இறங்கும் இடங்களில் இதற்கு 20 நிமிடம் ஆகும். சாய்வாக இறங்கும் இடங்களில் இன்னும் கொஞ்சம் கூடும். முற்பகலில் ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும் காட்சி, பொழுது சாயும்போது கால் மணி நேரம்கூடத் தாங்காததன் கணக்கு இதுதான்.

இதை வைத்துத்தான் வரையும் பலகையின் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வானம் முழுக்க மூட்டமாக இருந்தால் இரண்டு, மூன்று மணி நேரம் கிடைக்கும், 30×40 செ.மீ. தாங்கும். தெளிந்த முற்பகலுக்கு 20×25 செ.மீ. போதும். கடைசி ஒரு மணி நேரத்து வெயிலுக்கு 15×20 செ.மீ.க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, அழகான மாலையைப் பார்த்ததும் பெரிய கேன்வாஸை எடுப்பது.

நீளத்தோடு நிறமும் மாறுகிறது. சூரியன் தாழும்போது அதன் ஒளி அதிகக் காற்றைக் கடந்து வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிவிட, மஞ்சளும் ஆரஞ்சும் மிஞ்சுகின்றன. நிழலுக்குள் நேர் வெயில் விழுவதில்லை. அங்கே விழுவது நீல வானத்தின் ஒளி. வெயில் மஞ்சளாக ஆக, பக்கத்திலிருக்கும் நிழல் நம் கண்ணுக்கு இன்னும் ஊதாவாகத் தெரிகிறது. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு நிறங்கள் ஒன்றையொன்று எதிர்த்திசைக்குத் தள்ளும் என்பதை, கோப்லான் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் ஷெவ்ரோல் 1839-இல் விரிவாக எழுதிவிட்டார். மூட்டமான நாளில் கதை தலைகீழ்: மேலிருந்து விழும் பரந்த ஒளி குளிர்ச்சியாகவும், பள்ளங்களும் மர அடிகளும் ஒப்பீட்டில் வெதுவெதுப்பாகவும் தெரியும். நிழல் என்றாலே நீலம் என்று மனப்பாடம் செய்தவர்களின் மழைக்கால ஓவியங்கள் பொய்யாகத் தோன்றுவது இதனால்தான்.

வண்ணத்தால் முடியாதது

வெள்ளை வண்ணம் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைத் திருப்பித் தருகிறது; கறுப்பு மூன்று, நான்கு விழுக்காட்டை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 25 மடங்குதான் வித்தியாசம். வெயில் பட்ட மேகத்துக்கும் புதருக்கு அடியில் இருக்கும் இருட்டுக்கும் இடையே அது ஆயிரம் மடங்கைத் தாண்டும். கண்டதைக் கண்டபடி பலகைக்குக் கொண்டுவருவது இயற்பியல்படியே முடியாத காரியம். ஓவியர் செய்யக்கூடியது, அந்த ஆயிரத்தை இருபத்தைந்துக்குள் அடக்குவது. அடக்கும்போது எதை விட்டுக்கொடுப்பது என்பதில்தான் ஒருவரின் ரசனை தெரியும்.

மோனே 1872-இல் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் வரைந்த 'இம்ப்ரெஷன், சூரியோதயம்' இதற்கு மிகச் சிறந்த பாடம். 1874 ஏப்ரல் 15-இல் பாரிஸில் தொடங்கிய கண்காட்சியில் அது இடம்பெற்றது. விமர்சகர் லூயி லெருவா அதன் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கேலி செய்ததில்தான் இந்த இயக்கத்துக்குப் பெயரே வந்தது. அந்த ஓவியத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள்: ஆரஞ்சு சூரியன் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். சுற்றியுள்ள சாம்பல் மேகத்துக்கு இருக்கும் அதே டோன், அதாவது அதே இருள்-வெளிச்ச அளவு, சூரியனுக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஹார்வர்டின் நரம்பியல் ஆய்வாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதை விளக்கியிருக்கிறார். நம் மூளையில் இடத்தையும் அசைவையும் கணிக்கும் பகுதிக்கு நிறம் தெரியாது, டோன் மட்டுமே தெரியும். அந்தப் பகுதிக்கு இந்தச் சூரியன் அகப்படுவதில்லை. நிறம் காணும் பகுதிக்குப் பளிச்சென்று தெரிகிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் சூரியன் துடிப்பதுபோல் தோன்றுகிறது.

சூரியனைத் தூய வெள்ளையில் வைப்பவர்களுக்கு இது கிடைக்காது. வெள்ளை வட்டம் வானத்தில் ஒட்டிய காகிதத் துண்டுபோல் நின்றுவிடும். பிரகாசம் வேண்டுமென்றால் சுற்றுப்புறத்தை ஒரு படி இறக்கி, சூரியனுக்கு நிறத்தைக் கூட்டுங்கள். (சூரியனை நேராகப் பார்த்து வரையாதீர்கள். கண்ணுக்குக் கேடு, அதோடு, பார்த்த பின் கண்ணில் மிதக்கும் பச்சை நிழலுரு அடுத்த சில நிமிடத்துக்கு எந்த நிறத்தையும் சரியாகக் காணவிடாது. ஒரு மரத்தடிக்குப் பின்னால் அதை மறைத்துக்கொண்டு நில்லுங்கள்.)

பெட்டிக்குள் என்ன

வெளியே போய் வரைவது சாத்தியமானதற்கு ரசனை மாற்றம் மட்டும் காரணமில்லை. 1841-இல் ஜான் கோஃப் ராண்ட் மடங்கும் தகர ட்யூபுக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்தார்கள். ஒருமுறை குத்தித் திறந்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். விரிடியன் பச்சை, கோபால்ட் ஊதா, செருலியன் நீலம் ஆகியவையும் 1860-களுக்குள் ஓவியர் கைக்கு வந்துவிட்டன.

மோனே 1905-இல் ஒரு கடிதத்தில் தன் நிறங்களைச் சொல்கிறார்: ஈய வெள்ளை, கேட்மியம் மஞ்சள், வெர்மிலியன், அடர் மாடர் சிவப்பு, கோபால்ட் நீலம், பச்சை. கறுப்பு இல்லை. இன்றைக்கு நஞ்சு குறைந்த, மங்காத மாற்றுகளோடு, எண்ணெய் வண்ணங்களில் அந்த நிறத்தட்டை அமைத்துக்கொள்ளலாம்: டைட்டேனியம் வெள்ளை, கேட்மியம் லெமன், கேட்மியம் மஞ்சள் டீப், கேட்மியம் சிவப்பு, க்வினாக்ரிடோன் ரோஸ், அல்ட்ராமரைன், விரிடியன். பழைய அலிசரின் கிரிம்ஸன் வெளிச்சத்தில் வெளிறிப்போகும். அதை வாங்க வேண்டாம். வெள்ளையை ஒரு வாதுமைக்கொட்டை அளவுக்குக் குறையாமல் பிதுக்குங்கள், மற்றவற்றைக் கடலை அளவுக்கு. வண்ணத்தில் சிக்கனம் பிடித்தால் தீற்றல்கள் சோகை பிடித்துப்போகும். அவசரத்தில் மூடியைத் திருகிக்கொண்டிருப்பதற்குள் வெளிச்சமும் போய்விடும்.

பன்றிமுடி பிரஷ் நான்கு (தட்டையானது எண் 8, 6; முனை வளைந்தது எண் 6, 4), ஒரு வண்ணக் கத்தி, ஒரு கட்டு துணி, மணம் குறைந்த கரைப்பான் மூடியுள்ள டப்பாவில். பலகைக்கு முன்னாளே மெல்லிய அக்ரிலிக்கில் நடுத்தர மண் நிறமோ வெளிர் சாம்பலோ பூசி வையுங்கள். வெறும் வெள்ளைப் பலகை வெயிலில் கண்ணைக் கூசும். அதன்மேல் எந்த நிறமும் இருட்டாகத் தெரியும், அதை நம்பி எல்லாவற்றையும் வெளிறச் செய்துவிடுவோம். குடை இருந்தால் வெள்ளை, சாம்பல், கறுப்பு மட்டும். சிவப்புக் குடையின் கீழ் கலக்கும் பச்சை, வீட்டுக்கு வந்ததும் வேறொன்றாக இருக்கும்.

பலகையும் நிறத்தட்டும் ஒரே நிழலில் இருக்க வேண்டும். இதை எவ்வளவு சொன்னாலும் தகும். நேர் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு). வீட்டுக் கூடத்தில் சில நூறு. வெயில் விழும் பலகையில் சரியாகத் தெரிந்த ஓவியம் உள்ளே கொண்டுவந்ததும் கருத்துப்போவது இதனால்தான். தட்டு வெயிலிலும் பலகை நிழலிலும் இருந்தால் ஒவ்வொரு கலவையும் தப்பும்.

நாற்பது நிமிடம்

முதல் ஐந்து நிமிடம் வண்ணத்தைத் தொடக்கூடாது. கையகல நோட்டில் 5×6 செ.மீ. கட்டம் ஒன்று, அதற்குள் மூன்றே டோன்: இருட்டு, நடு, வெளிச்சம். கண்ணை இடுக்கிப் பார்த்தால் விவரங்கள் கரைந்து பெரிய திட்டுகள் மட்டும் மிஞ்சும்; அவற்றை மட்டும் நிரப்புங்கள். ஓரத்தில் மணியும், சூரியன் இருக்கும் திசைக்கு ஓர் அம்புக்குறியும். இந்தச் சிறு கட்டம்தான் இனி உங்கள் சட்டம். அரை மணி கழித்து இயற்கை வேறொன்றைச் சொன்னாலும் இதைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்து, கரைப்பானில் நீர்த்த அல்ட்ராமரைனும் கொஞ்சம் சிவப்பும் சேர்த்து, நிழல்களின் விளிம்புகளை முதலில் பலகையில் வரையுங்கள். மரம், கரை, மலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவை எங்கும் போவதில்லை. ஓடுவது நிழல். மூன்று நிமிடத்தில் நிழல்களின் வடிவம் முழுதும் பூட்டப்பட வேண்டும். மேகமும் அப்படியே: ஓர் அமைப்பைத் தேர்ந்து இரண்டு நிமிடத்தில் கோடிட்டுவிட்டு, பிறகு வரும் மேகங்களை நிறத்துக்காக மட்டும் பார்க்க வேண்டும்.

பிறகு பத்து நிமிடம் பெரிய திட்டுகள். ஒரு திட்டுக்கு ஒரு நிறம். மிக இருண்ட இடத்தையும் மிக வெளிச்சமான இடத்தையும் முதலிலேயே வைத்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அவற்றுக்கு நடுவே அளக்கலாம். ஒரு விதி: வெயில் பகுதியின் மிக இருண்ட நிறம், நிழல் பகுதியின் மிக வெளிறிய நிறத்தைவிட வெளிச்சமாக இருக்க வேண்டும். கறுத்த அடிமரம், வெள்ளைச் சுவர் போன்ற இடங்களில் இது மீறப்படும், தெரிந்து மீறலாம். தெரியாமல் மீறினால் வெயிலே அணைந்துவிடும். தூரத்தில் இருட்டுகள்தான் முதலில் நீலமாகும், வெளிச்சங்கள் கடைசிவரை தாக்குப்பிடித்து லேசாக மஞ்சளேறும்; எல்லாவற்றின்மேலும் நீலத்தை ஒரே அளவில் பூசினால் தூரம் கிடைக்காது, மங்கல்தான் கிடைக்கும்.

அடுத்த பதினைந்து நிமிடம்தான் இம்ப்ரெஷனிசத்தின் உயிர். ஒரே திட்டுக்குள், டோனை மாற்றாமல், நிறத்தை மட்டும் வேறுபடுத்தி அடுத்தடுத்துத் தீற்றுவது. புல் நிழல் என்றால் நீலப்பச்சை, ஊதா, மங்கிய சிவப்பு. மூன்றும் ஒரே இருட்டில். டோன் ஒத்திருந்தால் கண் அவற்றைச் சேர்த்து ஒரே நிழலாகப் படிக்கும், ஆனால் அந்த நிழல் மூச்சுவிடும். டோன் மாறிவிட்டால் அது நிழலாக இராது, புள்ளி புள்ளியான துணியாகிவிடும். கைபேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்தால் தவறு உடனே தெரியும்.

இங்கே ஒரு பரவலான தப்பெண்ணத்தைத் திருத்த வேண்டும். மஞ்சள் புள்ளியும் நீலப் புள்ளியும் பக்கத்தில் வைத்தால் தூரத்தில் பச்சை தெரியும் என்று பலர் எழுதுகிறார்கள். தெரியாது. கண்ணுக்குள் சேரும்போது அவை சராசரியாகிச் சாம்பலைத்தான் தரும். பச்சை வேண்டுமானால் தட்டில் கலக்க வேண்டும். மோனேயும், அவருடைய சக இம்ப்ரெஷனிச ஓவியர் பிஸாரோவும் தட்டிலும், ஈரத்தின்மேல் ஈரமாகப் பலகையிலும் கலந்தவர்கள்தான். தீற்றல்களைப் பிரித்து வைப்பதன் பயன் துடிப்பும் காற்றோட்டமும், கலவை அல்ல.

நிறம் அழுக்காவது இந்தக் கட்டத்தில்தான். காரணம் எளிது: கீழே ஈரமாக இருக்கும் வண்ணத்தை பிரஷ் அள்ளிக்கொண்டு வருகிறது, ஒவ்வொரு கலப்பும் ஒளியை இன்னும் கொஞ்சம் விழுங்குகிறது. பிரஷில் நிறைய வண்ணம் எடுத்து, வைத்து, தூக்கிவிடுங்கள். அதே இடத்தை மூன்றாம் முறை தேய்க்காதீர்கள். ஒவ்வொரு தீற்றலுக்கும் பிறகு துணியில் துடைப்பது நேரவிரயம்போல் தோன்றும். உண்மையில் நேரம் மிச்சமாவது அதனால்தான். ஏற்கெனவே அழுக்காகிவிட்ட பகுதியைத் திருத்த முயலாமல் கத்தியால் சுரண்டிவிட்டுப் புதிதாக வையுங்கள். வண்ணம் மொத்தத்தில் தடித்துப்போனால் பத்திரிகைத் தாளை மேலே விரித்து உள்ளங்கையால் அழுத்தி உரித்தெடுக்கலாம். மிஞ்சும் மெல்லிய படலம் வேலை செய்ய நல்ல தளம்.

மிச்சமுள்ள நிமிடங்களில் கூர்மையான விளிம்புகள் இரண்டு மூன்று, தடித்த வெளிச்சப் புள்ளிகள் சில. மற்ற விளிம்புகள் கரைந்தே இருக்கட்டும்.

நீர் இருந்தால் கூடுதலாக ஒன்று கவனிக்க வேண்டும். நீரை நேர் மேலிருந்து பார்த்தால் விழும் ஒளியில் 2 விழுக்காடுதான் திரும்பி வரும். பார்வை சாயச் சாயப் பிரதிபலிப்பு கூடிக் கண்ணாடியாகிவிடும். அதனால் காலடியில் நீரின் அடித்தளம் தெரியும், தூரத்தில் வானம் தெரியும். இரண்டையும் ஒரே நீலத்தில் வரைந்தால் நீர் படுக்காது, சுவர்போல் எழுந்து நிற்கும். வெளிறிய பொருளின் பிம்பம் சற்று இருட்டாகவும், இருண்ட பொருளின் பிம்பம் சற்று வெளிச்சமாகவும் வரும்.

பொழுது சாயும் நேரம்

அஸ்தமனத்துக்கு மேலே சொன்ன ஒழுங்கு உதவாது, ஏனென்றால் உச்ச நிறம் ஐந்து முதல் பத்து நிமிடம்தான் நிற்கும். அரை மணி முன்பே போய்த் தரையையும் மரங்களின் உருவங்களையும் முடித்துவிடுங்கள். வானத்துக்கான ஐந்தாறு கலவைகளைத் தட்டில் தயாராகக் குவித்து வையுங்கள். நிறம் வந்ததும் கலக்க வேண்டாம், வைக்க மட்டும் செய்யுங்கள். அதுவும் முடியாவிட்டால் ஒரு அட்டையில் அந்த நிறங்களைத் தொட்டுத் தொட்டு வைத்து எண் போட்டுக்கொண்டால் போதும்.

இருள் கவியும்போது கண்ணே மாறுகிறது. மங்கிய ஒளியில் சிவப்புகள் கறுத்தும் நீலங்கள் வெளிச்சமாகவும் தெரியும். பலகையில் சிவப்பு போதவில்லை என்று தோன்றி மேலும் மேலும் ஏற்றுவோம்; மறுநாள் காலையில் வானம் செங்கல் சூளைபோல் இருக்கும். பலகைக்கும் தட்டுக்கும் சேர்த்து ஒரு சிறிய வெண்ணிற விளக்கை மாட்டிக்கொள்வதைத் தவிர இதற்கு வழியில்லை.

புகைப்படம் எடுத்துக்கொள்ளலாமே என்றால், வடிவத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலும் நிழலும் நிறைந்த காட்சியில் கேமரா நிழலைக் கறுப்பாக்கும் அல்லது வானத்தை வெளுத்துவிடும். நிழலுக்குள் இருந்த ஊதாவும் பச்சையும், அதாவது நீங்கள் எதற்காக நின்றீர்களோ அதுவே, அதில் இருக்காது. நினைவைப் பழக்குவது மேல். அமெரிக்க ஓவியர் சார்ல்ஸ் ஹாதோர்ன் 1899-இல் மாசசூசெட்ஸின் ப்ரொவின்ஸ்டவுனில் தொடங்கிய பள்ளியில், கடலின் பளிச்சிடும் ஒளிக்கு முதுகு காட்டி ஒருவரை நிறுத்தி, மாணவர்களைப் பட்டிக் கத்தியால் வரையச் செய்தார். கண், மூக்கு எதுவும் வராது; தொப்பி நிழல், முகத்தின் இருட்டு, தோளில் வெயில் என்று நிறத் திட்டுகள் மட்டுமே வரும். இன்றும் இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

ஸ்தலத்தில் முடிக்காதது இம்ப்ரெஷனிசம் ஆகாது என்பது கட்டுக்கதை. ருவான் தேவாலய ஓவியங்களை மோனே 1892-லும் 1893-லும் அந்த ஊரில் தொடங்கி, ஷிவெர்னியில் தன் ஸ்டூடியோவில் வைத்துத் திருத்தி, 1895-இல்தான் 20-ஐக் காட்சிக்கு வைத்தார். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒன்றின் காலை இன்னொன்றின் மாலையிலிருந்து விலகி நிற்கிறதா என்பது தெரியும்.

மறுநாள் காலையில் பலகையைப் பாருங்கள், அன்றிரவே வேண்டாம். டோனில் தவறு இருந்தால் திருத்தலாம். நிறத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்கத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள், அது அந்த மாலையின் நிறமாக இருக்காது. மண் நிறங்கள் ஓரிரு நாளில் தொடத்தக்க அளவு காயும். கேட்மியங்களுக்கு ஒரு வாரம்வரை ஆகலாம். தடித்த பகுதிகள் உள்ளே காய மாதக்கணக்காகும், அதற்குமுன் வழக்கமான வார்னிஷ் பூச வேண்டாம். எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள்: வண்ணத்திலுள்ள ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பத்தை வெளிவிடும், சுருண்ட துணிக்குள் அது சேர்ந்து தானாகத் தீப்பற்றும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய உலோக டப்பாவில் மூடிவையுங்கள்.

பலகையின் பின்பக்கம் தேதி, நேரம், காற்றின் திசை, வானத்தின் நிலை ஆகியவற்றை எழுதுங்கள். ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821-22-இல் வரைந்த மேகப் படங்களின் பின்னால் இப்படித்தான் குறித்தார். மோனேயை வெளியே அழைத்துப்போய் வரையப் பழக்கிய யூஜீன் பூதேனும் அப்படியே. கோடைத் திருப்பத்துக்கோ (ஜூன் 21 வாக்கில்) குளிர்காலத் திருப்பத்துக்கோ (டிசம்பர் 21 வாக்கில்) இருபுறமும் சம தொலைவிலுள்ள நாட்களில் சூரியன் வானத்தில் ஏறக்குறைய அதே பாதையில்தான் போகும்: ஏப்ரல் 20-இன் வெயில் ஆகஸ்ட் 23 வாக்கில் அதே கோணத்தில் திரும்பி வருகிறது. இலையின் நிறமும் நீரின் மட்டமும் மாறியிருக்கும், நிழல் மட்டும் அதே இடத்தில் விழும். கையில் குறிப்பு இருந்தால் அரைகுறையாக நின்ற பலகையோடு அன்றைக்குப் போய் நிற்கலாம்.